பாசி செய்யும் பாதி வேலை

பாசி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது வழுக்கும் படித்துறையே ஆகும். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த எனக்கும் அப்படியே. குளத்துப் படியில் கால் வைக்கும் முன்பே, “பாசியடா, பார்த்து இறங்கு” என்று எச்சரிக்கும் பாட்டியின் குரல் இன்றும் காதில் ஒலிக்கிறது. அந்தப் பாசியைப் படிப்பதற்காகவே நான் தில்லிக்கு வந்திருக்கிறேன் என்பதை அறிந்தபோது, ஆர்.கே.புரத்தில் என்னைத் தம் வீட்டில் வைத்துக் காத்துவரும் சித்தி கேட்டார்: “ஏண்டா, பாசியைத் தேய்த்துக் கழுவத்தானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை வளர்க்கவும் ஒரு படிப்பு உண்டா?”

சித்தியின் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியது அன்று. தூய்மைக்குப் பகை என்று நாம் எண்ணும் ஒன்றைக் கொண்டே தண்ணீரைத் தூய்மை செய்ய இயலுமா? இயலும். ஆனால், பாசி பாதி வேலையைத்தான் செய்யும். மறுபாதி எது, அதைச் செய்யாவிட்டால் என்ன நேரும் என்பதை நண்பர்களுக்கு எடுத்துக் கூறவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நம் கண் முன்னே ஓடும் கழிவு

யமுனை ஆற்றின் நீளம் 1,376 கிலோமீட்டர். அதில் வசீராபாத்திலிருந்து ஓக்லா வரை தில்லி நகரத்தைத் தொட்டு ஓடுவது 22 கிலோமீட்டரே. நூற்றுக்கு இரண்டு பங்குகூட ஆகாத இச்சிறு துண்டில்தான் ஆற்றின் மாசில் முக்கால் பங்கு சேருகிறது என்று கணக்கிட்டுள்ளனர். ஆண்டுதோறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காளிந்தி குஞ்சுப் பக்கம் சென்றவர்கள், ஆற்றின் மீது பனிமலைபோல் வெண்ணுரை மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். சலவைத் தூளிலிருந்து வரும் நுரைப்பொருள்களும் பாஸ்பேட்டும் அதற்கு முக்கியமான காரணங்கள்.

வீட்டுக் கழிவுநீரில் இருப்பவை எவை? முதலாவது, அழுகக்கூடிய பொருள்கள்: சோற்றுக் கஞ்சி, எண்ணெய், மலம், சோப்பு முதலியன. இவற்றைப் பாக்டீரியாக்கள் உண்டு சிதைக்கும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. மீன் மாள்வதும் நாற்றம் எழுவதும் அதனாலேயே. இரண்டாவது, நைட்ரஜன், பாஸ்பரஸ் என்னும் சத்துகள். இவை வயலில் இருந்தால் உரம். ஆற்றில் இருந்தால் மாசு. மூன்றாவது, நோய்க்கிருமிகள். தொழிற்சாலை நீரும் கலந்துவிட்டால் ஈயம், குரோமியம் போன்ற உலோகங்கள் நான்காவதாகச் சேர்கின்றன.

கழிவுநீர் நிலையங்களில் பெரிய தொட்டிகளில் காற்றை ஊதிப் பாக்டீரியாக்களுக்குப் பிராணவாயு தருகிறார்கள். அழுகும் பொருள் அங்கே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஆனால் காற்றை ஊத மின்சாரம் மிகுதியாகச் செலவாகிறது. மேலும், நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீக்கத் தனி ஏற்பாடு செய்யாத நிலையங்களில் அவற்றில் பெரும்பகுதி வெளியேறும் நீரோடு போய்விடுகிறது. இந்த இடத்தில்தான் பாசிக்கு வேலை வருகிறது.

பாசி என்பது யாது?

நாம் பொதுவாகப் பாசி என்று சொல்வது ஓர் இனமன்று. பச்சைப் பாசி ஒரு வகை. நீலப்பச்சைப் பாசி வேறொரு வகை. பச்சைப் பாசி தாவரங்களுக்கு நெருங்கிய உறவு. நீலப்பச்சைப் பாசியோ உண்மையில் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. ஆகவே இக்காலத்து விஞ்ஞானிகள் அதனைச் சயனோபாக்டீரியா என்பர். இரண்டும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றன. சமைக்கும்போது பிராணவாயுவை வெளிவிடுகின்றன. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் பிராணவாயு சேரத் தொடங்கியது இந்நீலப்பச்சைப் பாசியின் உழைப்பினால்தான்.

இத்துறையில் தமிழகத்தின் பங்கு சிறிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. அய்யங்கார் (1886-1963) இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படுபவர். அதே பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி எழுதிய நீலப்பச்சைப் பாசி பற்றிய பெருநூல் 1959-இல் இங்கே புதுதில்லியில் வெளியாயிற்று. இன்றும் நுண்ணோக்கியின் அருகில் அந்நூலை வைத்துக்கொண்டுதான் எங்களைப் போன்ற மாணவர்கள் பாசிக்குப் பெயர் கண்டறிகிறோம். நெல் வயலில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருவது நீலப்பச்சைப் பாசியே என்று பி.கே. தே என்ற வங்காள அறிஞர் 1939-இல் காட்டினார். பின்னர் தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் ஜி.எஸ். வெங்கடராமன் அப்பாசியை உழவர் கைக்கு உரமாகக் கொண்டு சேர்க்கும் பணியில் முன்னின்றார். திருச்சிராப்பள்ளிப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல்வாழ் சயனோபாக்டீரியாக்களுக்கென்றே ஒரு தேசிய நிலையம் 1991-இல் தொடங்கப்பெற்றது.

கழிவுநீரில் நடக்கும் கூட்டுறவு

ஆழமில்லாத ஒரு குட்டையில் கழிவுநீரை விட்டு, வெயில் படும்படி வைத்தால் என்ன நிகழும்? பாக்டீரியாக்கள் அழுகும் பொருளை உண்டு, கரியமிலவாயுவையும் அம்மோனியாவையும் வெளிவிடும். பாசி அவ்விரண்டையும் எடுத்துக்கொண்டு பிராணவாயுவைக் கொடுக்கும். அந்தப் பிராணவாயுவைப் பாக்டீரியாக்கள் மீண்டும் எடுத்துக்கொள்ளும். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு. காற்றூதும் எந்திரம் செய்யும் வேலையை வெயிலே செய்துவிடுகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஆஸ்வால்ட் 1950-களில் இக்கூட்டுறவை ஆராய்ந்து, துடுப்புச் சக்கரம் நீரை மெல்லச் சுழற்றும் ஆழமற்ற பாசிக் குட்டைகளை வகுத்துத் தந்தார்.

இன்னொரு நன்மையும் உண்டு. கரியமிலவாயுவைப் பாசி உறிஞ்ச உறிஞ்ச, நீரின் காரத்தன்மை ஏறுகிறது. காரம் ஏறினால் பாஸ்பேட்டின் ஒரு பகுதி சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து அடியில் படிகிறது. நோய்க்கிருமிகள் பலவும் அந்நீரில் நெடுநேரம் பிழைப்பதில்லை.

பாசி எவ்வளவு சத்தை உண்ணும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உடலில் 106 கரி அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுவும் 1 பாஸ்பரஸ் அணுவும் இருக்கும் என்று ஆல்பிரட் ரெட்ஃபீல்ட் என்னும் அமெரிக்க அறிஞர் கண்டார். குட்டைப் பாசிக்கும் இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். சலவைத் தூள் கலந்த வீட்டுக் கழிவுநீரில் இந்த அளவைவிடப் பாஸ்பரஸ் மிஞ்சி நிற்பதுண்டு. நைட்ரஜன் தீர்ந்ததும் பச்சைப் பாசி வளர்ச்சியை நிறுத்திவிடும். நீலப்பச்சைப் பாசியில் சில இனங்களோ, காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு மிஞ்சிய பாஸ்பரஸையும் உண்டு முடிக்க வல்லவை. ஆகவேதான் இரு வகைகளையும் சேர்த்து வளர்ப்பது நல்லது என்கிறோம்.

என் சாடிகள் கற்பித்த பாடம்

இவையெல்லாம் புத்தகத்தில் படித்தவை. எனக்கு உறைக்கும்படி பாடம் கற்பித்தவை சித்தியின் இரண்டு ஊறுகாய்ச் சாடிகளே. சென்ற ஆண்டு புரட்டாசிக் கடைசியில், கையுறை அணிந்துகொண்டு, குடியிருப்புக்கு அருகே ஓடும் சாக்கடையிலிருந்து நீர் முகந்து இரு கண்ணாடிச் சாடிகளையும் நிரப்பினேன். மொட்டைமாடித் தொட்டி வழிந்து சுவரில் படிந்திருந்த பாசியைச் சுரண்டி இரண்டிலும் சிறிது இட்டேன். ஒன்றை வெயில் படும் பால்கனியில் வைத்தேன். மற்றொன்றைக் கறுப்புத் தாளால் சுற்றி அதனருகிலேயே வைத்தேன். “இனி அந்தச் சாடிகளில் ஊறுகாய் போட மாட்டேன்” என்று சித்தி கூறிவிட்டார், அதுவும் நியாயமே.

நான்காம் நாளே வெயில் சாடியில் நாற்றம் நின்றுவிட்டது. நண்பகலில் அதனுள் சிறு குமிழிகள் எழுவதைக் கண்டேன். பத்தாம் நாள் நீர் பச்சைப் பசேலென்று இருந்தது. அதை வடிகட்டி ஆய்வுக்கூடத்தில் பாஸ்பேட் சோதனை செய்தேன். பாஸ்பேட் இருந்தால் நீல நிறம் தோன்றும் சோதனை அது. வெயில் சாடி நீரில் நீலம் ஏறத்தாழ இல்லை. கறுப்புத் தாள் சுற்றிய சாடி நீரோ மைபோல் நீலமாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாடிகளை அப்படியே விட்டுவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் புறப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது பால்கனிக் கதவைத் திறக்க முடியவில்லை. அவ்வளவு நாற்றம். பச்சை நிறம் போய், பழுப்பு நிறச் சவ்வு மேலே மிதந்தது. சோதித்துப் பார்த்தால் அச்சாடியிலும் நீல நிறம் திரும்பி வந்திருந்தது!

நடந்தது என்ன? பாசி பெருகிப் பெருகி ஒன்றன் நிழலில் ஒன்று நின்றது. வெளிச்சமும் உணவும் குறைந்ததும் மடியத் தொடங்கியது. மடிந்த பாசியைப் பாக்டீரியாக்கள் உண்டன, பிராணவாயு தீர்ந்தது, பாசி தன் உடலில் சேர்த்து வைத்திருந்த பாஸ்பேட் மீண்டும் நீருக்கே வந்து சேர்ந்தது. அன்றுதான் எனக்கு விளங்கிற்று. பாசி சத்தை அழிப்பதில்லை; நீரிலிருந்து தன் உடலுக்கு மாற்றி வைக்கிறது, அவ்வளவே. அந்த உடலை நாம் நீரிலிருந்து வெளியே எடுத்தால்தான் தூய்மை. எடுக்காவிட்டால் கொடுத்த கடனை வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டது போலத்தான்.

தலைவியின் பசலைக்குப் பாசியை உவமை சொன்ன பரணர் பாட்டு ஒன்று குறுந்தொகையில் உண்டு. கை பட்டால் ஒதுங்குவதும், கையை எடுத்தால் மீண்டும் மூடிக்கொள்வதும் பாசியின் இயல்பு என்பதே அவ்வுவமையின் உயிர். கையெடுத்தால் மூடிக்கொள்ளும் என்பதை அறியாமல் நான் கையெடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன்.

சாடியில் நடப்பது ஏரியிலும் நடக்கும். அமெரிக்காவின் ஈரி ஏரியில் உரச்சத்து மிகுந்து நீலப்பச்சைப் பாசி பரவியதால், 2014 ஆகஸ்டில் டொலீடோ நகர மக்கள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர், குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டா என்று எச்சரிக்கப்பட்டனர். சில நீலப்பச்சைப் பாசிகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரப்பவை. கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு போகாது. ஆதலால் எந்தப் பாசியை, எங்கே வளர்ப்பது என்பதிலும் கருத்து வேண்டும். குட்டைக்குள் நம் ஆணைக்கு உட்பட்டு வளர்வது வேலையாள். ஏரியில் தானே பெருகுவது கொள்ளைக்காரன்.

அறுவடை எப்படி?

பாசியை வெளியே எடுப்பது என்று எழுதிவிடுவது எளிது, எடுப்பதோ கடினம். குளோரெல்லா போன்ற உருண்டைப் பாசியின் உயிரணு ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்கே இருக்கும். துணியில் வடித்தால் நீரோடு அதுவும் ஊடுருவிப் போய்விடும். சுழற்றிப் பிரிக்கும் எந்திரம் பிரித்துவிடும். ஆனால் மிச்சப்படுத்திய மின்சாரம் அங்கே செலவாகிவிடும்.

இதற்கு ஒரு வழி நம் பூசாவிலேயே கிடைத்தது. அங்கே நீலப்பச்சைப் பாசிகளைச் சேகரித்துக் காக்கும் தேசிய நிலையம் 1986 முதல் உள்ளது. பூசா ஆய்வாளர்கள், கழிவுநீரிலேயே இயல்பாக வளரும் நூல் போன்ற பாசிகளைத் தேர்ந்து, கூட்டாக வளர்த்துச் சோதித்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பெருமளவு குறைந்தன. நூல் போன்ற பாசி பாய்போல் பின்னிக்கொள்வதால் எளிதில் அள்ளி எடுக்கவும் முடிகிறது. அவ்வாறு கழிவுநீரில் விளைந்த பாசியை உரமாக்கிக் கோதுமைக்கு இட்டும் பின்னர் ஆராய்ந்தனர். ஆற்றைக் கெடுக்கும் சத்து மீண்டும் வயலுக்குப் போவதற்கு இதைவிட நேர்வழி வேறில்லை.

இதை அறிந்த பின், இவ்வாண்டு மாசி மாதத்தில் மீண்டும் முயன்றேன். இம்முறை நூல் பாசி. மூன்று நாளுக்கு ஒரு முறை பழைய வேட்டித் துண்டில் வடித்துப் பாதியை எடுத்துவிட்டேன். பாதியை விதைக்காக விட்டேன். ஆறு வாரமும் நீர் நாறவில்லை. நீல நிறமும் திரும்பி வரவில்லை. எடுத்த பாசியை வெயிலில் காயவைத்துச் சித்தியின் செம்பருத்திச் செடிக்கு இட்டேன். சாக்கடை நீரில் விளைந்தது ஆதலால் கறிவேப்பிலைச் செடிக்கு இடவில்லை. செம்பருத்தி நன்றாகவே பூத்தது. ஆயினும் ஒரு செடியை வைத்து முடிவு கூறுவது விஞ்ஞானம் ஆகாது.

ஒரு சிறு கணக்கு

அப்படியானால் தில்லிக் கழிவுநீர் முழுவதையும் பாசியிடம் ஒப்படைத்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் குட்டையில் நாளொன்றுக்கு 20 கிராம் உலர்ந்த பாசி விளையும் என்று கொள்வோம். அதில் நூற்றுக்கு 7 பங்கு நைட்ரஜன் என்றால், 1.4 கிராம். ஒரு லிட்டர் கழிவுநீரில் 40 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால், ஒரு சதுர மீட்டர் குட்டை நாளொன்றுக்கு 35 லிட்டரைத் தூய்மை செய்யும். நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் நீர் தேவை என்று வகுத்துள்ளனர். அதில் நூற்றுக்கு 80 பங்கு, அதாவது 108 லிட்டர் கழிவாகும். ஆக, ஒருவருக்கு 3 சதுர மீட்டர் குட்டை வேண்டும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தில்லி மக்கள் 1.68 கோடி. அவர்களுக்கு 50 சதுர கிலோமீட்டர் குட்டை வேண்டும். தில்லியின் மொத்தப் பரப்பு 1,484 சதுர கிலோமீட்டர். முப்பதில் ஒரு பங்கு நிலத்தைக் குட்டையாக வெட்ட வேண்டும்! ஆழத்தைக் கூட்டி இடத்தைக் குறைக்கவும் இயலாது. 30 சென்டிமீட்டருக்குக் கீழே பச்சை நீரில் வெளிச்சம் இறங்காது. மார்கழி, தை மாதங்களில் இங்கே பனிமூட்டம் சூரியனை மறைக்கும்போது விளைச்சல் இன்னும் குறையும். மார்கழியில் என் பால்கனிச் சாடியில் பாசி வளர்ந்ததாகவே தெரியவில்லை.

ஆகவே, நகரம் முழுவதற்கும் பாசி மருந்தாகாது. ஆனால் ஒரு குடியிருப்புக்கு, ஒரு விடுதிக்கு, ஒரு சிற்றூருக்கு அது ஆகும். 500 பேர் உள்ள மாணவர் விடுதிக்கு 1,500 சதுர மீட்டர் போதும். பெரிய நிலையங்களில் பாக்டீரியாக்கள் வேலை முடித்த பின், மிஞ்சிய சத்தை உண்பதற்காகக் கடைசிப் படியில் பாசியை வைக்கலாம். தென்தில்லியின் வழியே ஓடி யமுனையில் விழும் பாராபுல்லா வடிகாலின் கரையில், இந்தியாவும் நெதர்லாந்தும் கூடி 2017-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தில் பல முறைகளுள் ஒன்றாகப் பாசியும் இடம்பெற்றது.

உலோகம் கலந்தால்?

தமிழ்நாட்டில் இராணிப்பேட்டை என்றாலே தோல் தொழிலும் அதன் கழிவும் நினைவுக்கு வரும். அங்கே தோல் பதனிடுவதற்கான இரசாயனங்களைச் செய்யும் ஆலையொன்றின் கழிவுநீரில் குளோரெல்லாவை வளர்த்துத் தூய்மை செய்யும் முயற்சியைச் சென்னை விவேகானந்தா கல்லூரியைச் சேர்ந்த வி. சிவசுப்பிரமணியன் குழுவினர் மேற்கொண்டு, 2011-இல் அதன் பயனை வெளியிட்டனர். தமிழ்நாட்டு ஆலைக் களத்திலேயே பாசி வேலை செய்யும் என்பதற்கு அது சான்று.

பாசியின் உயிரணுச் சுவரில் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் இடங்கள் உண்டு. மடிந்த பாசிகூட உலோகத்தைப் பற்றும். ஆனால் இங்கும் அதே நியதிதான். உலோகம் அழிவதில்லை, பாசிக்கு மாறுகிறது. அந்தப் பாசியை உரமாக வயலில் இட்டால் குரோமியம் சோற்றுக்கு வந்துவிடும். ஆகையால் வீட்டுக் கழிவுநீரும் ஆலைக் கழிவுநீரும் ஒரே வடிகாலில் கலவாமல் இருந்தால்தான் பாசி நமக்கு உரமாகும். கலந்துவிட்டால் அது பத்திரமாக அடக்கம் செய்ய வேண்டிய நஞ்சு. இந்தப் பிரிவினையைப் பாசி செய்யாது. நாமே செய்ய வேண்டும்.

மறுபாதி யார் வேலை?

ஒளியைப் பிடிப்பது, பிராணவாயு தருவது, சத்தை உறிஞ்சுவது ஆகிய பாதி வேலையைப் பாசி கூலியின்றிச் செய்கிறது. இடம் ஒதுக்குவது, ஆலைநீரைப் பிரிப்பது, நாள் தவறாமல் அறுவடை செய்வது, அறுத்ததை உரிய இடத்தில் சேர்ப்பது ஆகிய மறுபாதி மனிதர் வேலை. குட்டை வெட்டித் திறப்பு விழா நடத்திவிட்டு அறுவடைக்கு ஆள் வைக்காமல் போனால், அது என் தீபாவளிச் சாடியின் பெரிய வடிவமாகவே முடியும்.

நான் என் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பதும் இந்த அறுவடையைத்தான்: மின்சாரம் அதிகம் வேண்டாமல், நூல் பாசியை அள்ளி எடுப்பது எப்படி என்பது. இது பாசியியல் மாணவன் தனியே தீர்க்கக்கூடியதன்று. சல்லடை செய்யப் பொறியியல் மாணவர் வேண்டும். செலவு கணக்கிடப் பொருளியல் மாணவர் வேண்டும். கழிவுநீரில் விளைந்த உரத்தை உழவர் ஏற்பாரா என்று கேட்டறியச் சமூகவியல் மாணவர் வேண்டும். நம் சங்கத்தில் இத்துறையினர் எல்லோரும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் கூடிப் பேச முன்வருவோர் என்னிடம் தெரிவிக்கலாம்.

சித்தி இப்போது பாசியைப் பற்றிக் கேலி பேசுவதில்லை. நான் ஆய்வுக்கூடத்திலிருந்து வரத் தாமதமாகும் நாள்களில், “இன்று மூன்றாம் நாள், வடித்துவிட்டேன்” என்று அவரே சொல்கிறார்.